கைவிடப்பட்ட ஏவுகணைத் தளங்களும் கதிரியக்கமும்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, பாறசாலை பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. நான் வளைகுடாவில் எண்ணெய் ஆலைகளில் வேலை பார்த்தவன். குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் பிடித்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கிற டோசிமீட்டர் பேட்ஜ் சட்டைப்பையில் இல்லாமல் சைட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் ஊரில் யாருக்குக் கதிரியக்கம் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்து கேட்பார்கள்.

கொஞ்ச காலமாகக் கேட்பதெல்லாம் ஒரே விஷயம்தான். அமெரிக்காவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளங்களுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு இறங்குகிற வீடியோக்கள். அங்கே படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஆசை, இங்கே இருக்கிற அம்மாமார்களுக்குப் பயம். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஏவுகணையைக் கைவிட்டுட்டுப் போவாங்களா? இந்த இடமெல்லாம் முதல்ல எதுக்குக் கட்டினது?

ஏவுகணையை விட்டுவிட்டுப் போகவில்லை, கட்டடத்தைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒருவரை ஒருவர் குறிவைத்து நூற்றுக்கணக்கில் தளம் கட்டின. அமெரிக்க நகரங்களைச் சுற்றி 1954 முதல் நைக் ஏவுகணைகள் நின்றன. எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்த வைத்தவை அவை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அட்லஸ், டைட்டன் ஏவுகணைகளுக்குப் பூமிக்குள் செங்குத்தாகக் கான்கிரீட் குழி தோண்டினார்கள். அதைத்தான் சைலோ என்கிறோம். அட்லஸ் எஃப் வகைக் குழி 170 அடிக்கும் மேல் ஆழம். கட்டிய சில வருடத்திலேயே புது வகை வந்ததும் அட்லஸ், டைட்டன் 1 இரண்டையும் 1965-இல் ஒதுக்கிவிட்டார்கள். நிலம் தனியாருக்கு விற்கப்பட்டது, பல குழிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

நம்மிடமிருந்து இது ரொம்பத் தூரத்துக் கதை இல்லை. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் தும்பாவிலிருந்து முதலில் பறந்த ராக்கெட்டின் பெயர் நைக்-அப்பாச்சி. அதன் கீழ்ப்பாகம் அந்த நைக் ஏவுகணையின் பூஸ்டரிலிருந்து வந்ததுதான். அங்கே குண்டைத் தூக்கச் செய்தது, இங்கே மேல்வளிமண்டலத்தை ஆராயப் போயிற்று.

அணுகுண்டு வச்சிருந்த இடம்தானே? உள்ள முழுக்கக் கதிரியக்கமா இருக்காதா?

இருக்காது. எல்லோரும் தவறாக நினைப்பது இங்கேதான். அணு உலையில் அணுப்பிளவு நாள்தோறும் நடக்கிறது, கழிவு சேர்கிறது. ஏவுகணைத் தளத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏவுகணையின் தலையில் வைக்கிற வெடிமுனைக்குள் புளூட்டோனியமோ யுரேனியமோ உலோக உறைக்குள் மூடியே இருக்கும். தளத்தை மூடும்போது முதலில் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போவது அதைத்தான். ஒரு விபத்தும் நடக்காத தளத்தில் வெடிமுனையால் சுவர் கதிரியக்கம் ஆகியிருக்க வழியில்லை.

ஆனால் தரைக்கடியில் இருக்கிற எந்தக் கான்கிரீட் அறையிலும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும். மண்ணிலிருந்து தானாக வருவது. ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பவருக்கு அது பொருட்டில்லை. குழியை விலைக்கு வாங்கி வீடாக மாற்றிக் குடியிருப்பவர்கள் காற்றோட்டம் வைத்தே ஆக வேண்டும்.

கதிர்வீச்சு பட்டா அது உடம்புல ஒட்டிக்குமா? வீட்டுக்கு வந்து நமக்கும் பரவுமா?

இரண்டு விஷயம் இதில் கலந்து கிடக்கிறது. கதிர்வீச்சு படுவது வேறு, கதிரியக்கத் தூசி ஒட்டுவது வேறு. வெயிலில் நின்றவன் வீட்டுக்குள் வந்தால் வெயில் கூடவே வராது. சேற்றை மிதித்தவன் வந்தால் சேறு திண்ணை வரை வரும். ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் கதிர்வீச்சு பட்டவர், அவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கதிரியக்கப் பொடி செருப்பிலும் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருந்தால் அது வீடு வரை வரும். அது மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து.

மற்ற பதில்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன.

அப்போ எந்தத் தளத்துலயும் கசிஞ்சதே இல்லையா சார்?

கசிந்ததுண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1960 ஜூன் 7 அன்று, போமார்க் என்ற ஏவுகணை நின்ற கொட்டகைக்குள் ஹீலியம் தொட்டி வெடித்துத் தீப்பிடித்தது. அணு வெடிப்பு நடக்கவில்லை, ஆனால் வெடிமுனை உருகியது. தீயணைக்க அடித்த தண்ணீரோடு புளூட்டோனியம் தரையிலும் ஓடையிலும் பரவியது. மேலே கான்கிரீட் ஊற்றி வேலி போட்டார்கள், பல வருடம் கழித்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். புளூட்டோனியம் 239-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகிற காலம், ஏறத்தாழ 24,000 வருடம். நாள் போனால் சரியாகிவிடும் என்று விட முடியாத பொருள். பசிபிக்கில் உள்ள ஜான்ஸ்டன் தீவிலும் 1962-இல் தோர் ஏவுகணை ஏவுமேடையிலேயே எரிந்து புளூட்டோனியம் சிதறியது.

ஏவுகணையே வெடித்தும் கசியாத கதையும் உண்டு. ஆர்கன்சா மாநிலம் டமாஸ்கஸில் 1980 செப்டம்பரில், பராமரிப்பில் இருந்த ஒருவர் கையிலிருந்து ஸ்பானரின் சாக்கெட் நழுவிக் குழிக்குள் விழுந்து, டைட்டன் 2-இன் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. சில மணி நேரத்தில் குழியே வெடித்தது, ஒருவர் இறந்தார். வெடிமுனை வெளியே தூக்கி எறியப்பட்டும் உறை பிளக்கவில்லை, கதிரியக்கம் கசியவில்லை.

இதிலிருந்து போகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டியது: எந்தத் தளமாக இருந்தாலும் அதன் பெயரை வைத்து, விபத்து நடந்திருக்கிறதா என்று முதலில் தேடிப் பார். இந்த மாதிரி விபத்துகள் பதிவில் இருக்கின்றன. வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அந்த வேலிக்குக் காரணம் இருக்கிறது.

கைகர் மீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டுப் போனா போதாதா? போன்லகூட ஆப் இருக்குல்லா?

போன் ஆப்பை விட்டுவிடுங்கள். கேமரா சென்சாரில் விழுகிற புள்ளியை எண்ணுகிற வேலை அது, சாதாரண அளவுகளில் அதற்கு ஒன்றும் தெரியாது.

கதிர்வீச்சை எண்ணிக் காட்டுகிற கைகர் மீட்டர் நல்ல துணைதான், ஆனால் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்திருக்க வேண்டும். கதிர்வீச்சில் ஆல்பா, பீட்டா, காமா என்று வகை உண்டு. விலை குறைந்த பாக்கெட் மீட்டர் காமாவையும் வலுவான பீட்டாவையும் பிடிக்கும். ஆல்பாவை ஒரு தாள் தடுத்துவிடும், மீட்டரின் பிளாஸ்டிக் உறையே தடுத்துவிடும். போமார்க் தளத்தில் சிந்திய புளூட்டோனியம் பெரும்பாலும் ஆல்பா வீசுவது. மீட்டர் அமைதியாக இருக்கும், தூசி மூச்சில் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ரொம்ப வலுவான கதிர்வீச்சுக்குள் போனால் சில மலிவு மீட்டர்கள் திணறி, அளவு ஏறாமல் இறங்கிக்கூடக் காட்டும். எங்கள் சைட்டில் படம் எடுத்து முடிந்து, கதிர்வீச்சு வீசுகிற சோர்ஸ் உறைக்குள் திரும்பிவிட்டதா என்று பார்க்கும்போது, மீட்டரைத் தூரத்திலிருந்தே முள்ளைப் பார்த்தபடி கொண்டுபோவோம். முள் ஏறி ஏறி வந்து திடீரென்று விழுந்தால் நல்ல செய்தி என்று யாரும் நினைக்க மாட்டோம். பின்வாங்கி வேறு மீட்டர் எடுப்போம்.

மீட்டர் எவ்வளவு காட்டினா பயப்படணும்? நம்ம மணவாளக்குறிச்சி மணல்லயே கதிரியக்கம் இருக்கே, அதைவிடவா?

உடம்பில் படுகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு சீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிசீவர்ட், அதிலும் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோசீவர்ட். உலகம் முழுக்க இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வீட்டுக்குள் மீட்டர் மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் என்று காட்டும். உயரத்தில் பறக்கும் விமானத்தில் அது பல மடங்கு ஏறும். இயற்கைக்கு மேல் பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் என்பதும், எங்களைப் போலத் தொழில் செய்கிறவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 என்பதும் இந்தியாவில் உள்ள வரம்பு.

மணவாளக்குறிச்சி, சவறா, நீண்டகரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம். அந்தக் கடற்கரையின் சில இடங்களில் இயற்கை அளவே உலகச் சராசரியைப் போலப் பல மடங்கு. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதனால் மீட்டர் கொஞ்சம் கத்தியதும் ஓட வேண்டியதில்லை.

ஆனால் நான் கவனிக்கச் சொல்வது எண்ணைவிட அது மாறுகிற விதத்தை. ஊர் முழுக்க ஒரே மாதிரி அதிகமாக இருந்தால் அது மண், பாறை. ஒரே ஒரு மூலையை நோக்கி நடக்கும்போது மட்டும் மளமளவென்று ஏறினால் அங்கே ஏதோ ஒரு பொருள் கிடக்கிறது. அது என்னவென்று பார்க்கப் போகக் கூடாது, வந்த வழியே திரும்ப வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் படுகிற அளவு நாலில் ஒன்றாகக் குறையும்.

மாமா, நிஜமாவே பழைய ராணுவ இடத்துல கதிர்வீச்சு பட்டுச் செத்தவங்க உண்டா? இல்ல பேடி காட்டத்தான் சொல்றீங்களா?

உண்டு மக்கா, ஆனால் வெடிமுனையால் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்த சின்னச் சின்னப் பொருள்களால்.

ஜார்ஜியா நாட்டில் லீலோ என்ற இடம். முன்பு சோவியத் ராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்தது, பிறகு எல்லைக் காவலர் பயிற்சி மையம் ஆனது. 1997-இல் 11 இளம் காவலர்களுக்கு உடம்பில் ஆறாத புண் வந்தது. தேடிப் பார்த்தபோது பழைய பயிற்சிக்குப் பயன்படுத்திய சீசியம் 137 கதிர்வீச்சு மூலங்கள் வளாகத்தில் அங்கங்கே கிடந்தன. அதில் ஒன்று இருந்தது ஒரு குளிர்காலக் கோட்டின் பைக்குள். கோட்டை மாட்டியவருக்குத் தொடையில் புண். நான் கையாண்ட இரிடியம் மூலமும் அப்படித்தான், பென்சில் முனையளவு துணுக்கு. தரையில் கிடந்தால் ஆணித்துண்டு என்று நினைத்துத் தாண்டிப் போவோம், இல்லையென்றால் குனிந்து எடுப்போம்.

அதே நாட்டில் லியா என்ற ஊர். 2001 டிசம்பரில் மூன்று பேர் விறகெடுக்கக் காட்டுக்குப் போனார்கள். சுற்றிலும் பனி, ஓரிடத்தில் மட்டும் பனி உருகிக் கிடந்தது. நடுவில் இரண்டு உலோக உருளைகள், தொட்டால் சூடு. இரவு குளிருக்கு அதை அருகில் வைத்துப் படுத்தார்கள். சில மணி நேரத்தில் வாந்தி. அவை ஸ்ட்ரான்சியம் 90 நிரப்பிய மின்கல மூலங்கள், தொலைவான இடத்துத் தகவல் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க சோவியத் காலத்தில் வைத்தவை. மூவரில் ஒருவர் 2004-இல் இறந்தார்.

காரணமில்லாமல் சூடாக இருக்கிற உலோகம், அளவுக்கு மீறிக் கனக்கிற சின்ன உருளை, கதிரியக்க எச்சரிக்கையான மூன்று இதழ் குறி பொறித்த எதுவானாலும் அதன் பக்கத்தில் நிற்காதே.

விமான மீட்டர், இருட்டுல மின்னுற டயல், சுவிட்ச் மாதிரி ஏதாவது ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். 1960-கள் வரை ராணுவக் கருவிகளின் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் சேர்த்த பெயின்ட் அடித்தார்கள். ரேடியம் 226-இன் அரை ஆயுள் 1,600 வருடம். மின்னுவது நின்றுபோயிருக்கும், ஏனென்றால் பெயின்ட்டில் உள்ள ஒளிரும் பொருள் கெட்டுவிடும். ரேடியம் அப்படியே இருக்கும். கண்ணாடி உடையாதவரை பெரிய பயமில்லை. உடைந்தால் அந்தப் பெயின்ட் மஞ்சள் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டும்.

ஸ்காட்லாந்தில் டால்கெட்டி பே என்ற கடற்கரையில், உலகப் போர் விமானங்களின் டயல்களை எரித்துச் சாம்பலைக் கொட்டினார்கள். அந்த ரேடியத் துகள்கள் 1990-இல் கண்டுபிடிக்கப்பட்டன, சுத்தம் செய்து முடித்தது 2023-இல். எரிக்க ஒரு நாள், அள்ள இத்தனை வருடம்.

கதிரியக்கம் இல்லாத தளம்னு உறுதியாத் தெரிஞ்சா தைரியமா இறங்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் என் பயம் எல்லாம். சைலோவில் கதிர்வீச்சைவிட முதலில் ஆளைக் கொல்வது காற்று. நம் பக்கம் பழைய கிணற்றைத் தூர்வார இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்த செய்தியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம். மூடிக் கிடந்த சைலோவிலும் அதுவேதான் நடக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு எச்சரிக்காது, கால் தளர்ந்து விழுவார்கள். எண்ணெய் ஆலையில் ஒரு தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டுமென்றாலும் முதலில் கேஸ் மீட்டரைக் கயிற்றில் இறக்கி ஆக்சிஜன் பார்ப்போம், வெளியே ஒருவர் காவல் நிற்பார். அந்த இரண்டும் இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்தது எரிபொருள் மிச்சம். டைட்டன் 2-இல் ஹைட்ரசின் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும், சோவியத்தின் ஆர்-12 ஏவுகணையில் நைட்ரிக் அமிலக் கலவையும் இருந்தன. கன்சாஸில் 1978-இல் இந்த நைட்ரஜன் டெட்ராக்சைடு கசிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 1965-இல் ஆர்கன்சா மாநிலம் சியர்சி அருகே ஒரு டைட்டன் குழியில் தீப்பிடித்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஏவுகணையில் அப்போது வெடிமுனையே இல்லை. நியூ ஜெர்சி லியோனார்டோவில் 1958-இல் நைக் ஏவுகணைகள் வெடித்துப் பத்துப் பேர் போனதும் சாதாரண வெடிமருந்தால்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கல்நார், ஈயப் பெயின்ட், அழுகிய இரும்புப் படி, இருட்டில் தெரியாத தண்ணீர்க் குழி. அட்லஸ் தளங்களில் குழாய் கழுவப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. அங்கே எந்தத் தண்ணீரையும் குடிக்காதே.

மாஸ்க்கும் அயோடின் மாத்திரையும் எடுத்துட்டுப் போனா?

நல்ல மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆக்சிஜன் கொடுக்காது. அயோடின் மாத்திரை அணு உலை விபத்தில் வெளியாகிற கதிரியக்க அயோடினுக்கு மட்டும்தான். ஏவுகணைத் தளத்தில் அதற்கு வேலையே இல்லை.

நம்ம பக்கம் இப்படிப் போய்ப் பார்க்க இடம் உண்டா?

உலகப் போர் காலத்து விமான ஓடுதளங்கள் உண்டு, கயத்தாறில் இருப்பது போல. அங்கே கதிரியக்கத்தை நினைத்துப் பயப்பட எதுவும் இல்லை. தும்பாவில் பழைய மேரி மக்தலேனா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலி போட்ட ராணுவ இடம் பாழடைந்து தெரிந்தாலும் உள்ளே போகாதீர்கள். தடை செய்யப்பட்ட இடத்தில் நுழைந்து படம் எடுப்பது 1923-ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தில் போகும். துப்பாக்கிச் சுடும் தளத்துப் பக்கம் கிடக்கிற குண்டுகளை இரும்புக்காக எடுப்பது அதைவிட மோசம். கதிர்வீச்சு காத்திருந்து கொல்லும், வெடிக்காத குண்டு காத்திருக்காது.

ஏவுகணையில இருந்து எடுத்த இரிடியம் கோடிக்கணக்குல விலை போகுமாமே, ஒருத்தர் பங்குக்குக் கூப்பிடுறாரு?

போகாதீர்கள். கோயில் கலசம், இடி விழுந்த செம்புப் பாத்திரம், அரிசியை இழுக்கிற குடம் என்று நடக்கிற அதே மோசடிதான் இது. சாதாரண இரிடியம் விலை உயர்ந்த உலோகம், கதிரியக்கம் கிடையாது. நாங்கள் பயன்படுத்துகிற இரிடியம் 192 அணு உலையில் வைத்துச் செய்வது, அரை ஆயுள் 74 நாள். ஏதோ ஒரு பழைய ஏவுகணைக்குள் இத்தனை வருடம் இருந்திருந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. வெள்ளை உடுப்பு மாட்டி ஒருவர் சோதனை செய்து காட்டினால் அது உங்கள் முன்பணத்துக்கான வேஷம்.

அப்போ ஆக்கர் கடைக்கு ஏதாவது கனமான உருளை வந்தா எப்படித் தெரிஞ்சுக்கறது?

நியாயமான கேள்வி, பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடைக்காரர் ஒருவரே கேட்டார். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது அதுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக் கருவி ஏலத்தில் போய், பிரித்தபோது கோபால்ட் 60 வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்து இருட்டில் நீலமாக மின்னிய பொடியைக் கையில் பூசிப் பார்த்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று சிறு பெண்.

உருளைக்குள் ஈயம் இருந்தால் ஏன் ஈயம் வைத்தார்கள் என்று யோசியுங்கள். அறுக்க வேண்டாம், உருக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள். இந்த மாதிரி வேலைக்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது.

வெளிநாட்டுல இருக்கிற பிள்ளை போயே தீருவேன்னு நிக்கிறான். எங்க போகச் சொல்லலாம்?

அனுமதியோடு திறந்து வைத்திருக்கிற இடங்களுக்கு. அரிசோனாவில் டூசான் அருகே டைட்டன் அருங்காட்சியகம், உண்மையான குழி, உள்ளே ஏவுகணையும் நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் நைக் தளம் எஸ்எஃப்-88. தெற்கு டகோட்டாவில் மினிட்மேன் ஏவுகணைத் தளம். ஐரோப்பாவில் என்றால் லிதுவேனியாவின் பிளோக்ஷ்டினே, ஆர்-12 நின்ற நான்கு குழிகளோடு. இங்கெல்லாம் காற்றோட்டம், கைப்பிடி, விளக்கு எல்லாம் உண்டு. மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் பக்கம் வயல் நடுவே ஆள் இல்லாமல் தெரிகிற வேலிகளை மட்டும் கைவிட்ட இடம் என்று நினைத்துவிடக் கூடாது. மினிட்மேன் ஏவுகணைகள் இன்றும் அங்கே தயார் நிலையில் இருக்கின்றன, ஆயுதத்தோடு காவலர் வருவார்கள்.

சார், என் மகன் ஏற்கெனவே ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துட்டான். ஏதோ எடுத்துட்டும் வந்திருக்கான். இப்ப என்ன செய்ய?

முதலில் திட்ட வேண்டாம். திட்டினால் எடுத்துவந்ததை ஒளித்து வைப்பான். அந்தப் பொருளை யாரும் தொடாமல், அது இருக்கிற அறையைப் பூட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்கவோ குப்பையில் போடவோ கூடாது. அந்த நாட்டு அவசர எண்ணுக்குப் போன் செய்து, பழைய ராணுவ இடத்திலிருந்து எடுத்தது என்று உள்ளபடி சொல்லட்டும். அன்று போட்டிருந்த உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்கட்டும். ஒட்டிய தூசியில் பெரும்பங்கு உடுப்போடேயே போய்விடும்.

அப்புறம் அவன் உடம்பைக் கவனியுங்கள். போய்வந்த சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் உடனே மருத்துவமனை. அதுவே பெரிய அளவு பட்டதன் அடையாளமாக இருக்கலாம். தோல் புண் உடனே வராது. நாள்கள், சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். அதற்குள் எங்கே போனோம் என்பதே மறந்து, பூச்சி கடித்தது என்று நினைத்துவிடுவார்கள், மருத்துவரும் அப்படியே நினைப்பார். அதனால் போன தேதியையும் இடத்தையும், பொருளை எந்தப் பையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தான் என்பதையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.